பாளையக்காரருக்குப் பதிலாக எழுந்து உட்கார்ந்தவன்

புலியங்குன்றத்துப் பாளையக்காரர் வீரமல்ல பூபதிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஒருநாள் ஆசனத்தை விட்டு எழுந்தவர், கால் தள்ளாடிச் சபை நடுவிலேயே விழுந்துவிட்டார்.

வைத்தியர் வந்து பார்த்தார். "ஆசனத்தில் கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்கார்ந்து பழகுங்கள். தினமும் செய்தால் கால் உரம் பெறும், விழமாட்டீர்கள்" என்றார்.

பூபதிக்குப் பதிலாகக் காவடி எடுக்க ஆள் இருந்தது, விரதம் இருக்கவும் ஆள் இருந்தது. இதற்கும் ஓர் ஆளைப் போட்டார். விசிறி வீசும் சடையனைக் கூப்பிட்டார்.

"எனக்குப் பதிலா நீ எழுந்து உட்காரு. தேரோட்டத்துல நான் விழாம நடக்கணும். விழுந்தா உனக்குச் சவுக்கடி."

"உத்தரவு மகாராஜா" என்று சடையன் அவர் கண்ணெதிரிலேயே எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

சில நாள் கழித்து, பூபதியின் பட்டுத் தலைப்பாகையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு சபைக்கு வந்தான்.

"என்னடா இது?"

"உங்களுக்கு வர வேண்டிய பலமெல்லாம் என் கால்ல சேர்ந்துபோச்சு மகாராஜா. தேருக்கு முன்னால நானே நடந்துடறேன். அதான், தலைப்பாகை பொருந்துதான்னு பார்த்தேன்."

பூபதி இரண்டு கைகளையும் நீட்டியபடி விருட்டென்று எழுந்து, தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டார்.

"கையை ஊன்றாம எழுந்துட்டீங்க மகாராஜா" என்றான் சடையன். "தேருக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. நாளைக்கும் தலைப்பாகையை எடுத்து என் தலையில வச்சுக்குவேன்."

தேரோட்டத்தில் பூபதி விழவில்லை. தலைப்பாகையை மட்டும் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நடந்தார்.