கட்டம் போட்ட பின்னணி

மணப்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த நஸீமாவுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த சவரிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று. மில்லில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டு, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் வந்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

அன்று காலையில்தான் அவருக்குத் தனியாக ஒரு வேலை கிடைத்தது. பூமிநாதன் என்ற அலுவலக உதவியாளரின் பணி ஓய்வு விழாவுக்கு ஒரு பேனர். விழா மாலை ஐந்து மணிக்கு.

"பின்னணி அமர்க்களமா இருக்கணும் மாஸ்டர்."

நஸீமா தலையாட்டிவிட்டு, வேறு கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மூழ்கிவிட்டாள்.

சவரிமுத்து ஊதா நிறத்தில் மேகம் போட்டார். ஒரு ஃபில்டர் கொடுத்து அதைச் சுழற்றினார். இன்னொன்றைக் கொடுத்து மங்கலாக்கினார். எண்ணெய் ஓவியம் போல ஒரு பூச்சு, அதற்கு மேல் பொன்னிற ஒளி. நடுவில், போட்டோவில் பூமிநாதன் நின்றுகொண்டு பின்னணியை மறைத்தார். மேகம், ஒளி, ஆள் என்று தனித்தனித் தாளாக அடுக்கியிருந்த லேயர் பட்டியலில், அவர் படத்துக்குப் பக்கத்திலிருந்த கண் அடையாளத்தைச் சவரிமுத்து அமுக்கினார். மனிதர் மறைந்தார். அதற்குப் பிறகுதான் வேலை சூடு பிடித்தது. மத்தியானச் சாப்பாடுகூட மறந்துபோனது.

மூன்று மணிக்குப் பூமிநாதனே வந்து நின்றார். பேனரைப் பார்க்க ஆசை. கடைசி நாளிலும் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"அடேயப்பா, தேவலோகமே இறங்கி வந்த மாதிரி இருக்கே" என்றார்.

சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இதுல நான் எங்கங்க இருக்கேன்?"

சவரிமுத்துவின் முகம் செத்துப்போனது.

பூமிநாதன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "பரவாயில்லங்க, எனக்குப் பழகிப்போச்சு. முப்பத்தொரு வருஷமா ஆபீஸ்ல எடுத்த ஒரு போட்டோவுலயும் நான் இல்ல. கேமராவைக் கையில குடுத்து, நீ எடு பூமின்னு சொல்லிருவாங்க. இதுலயாவது இருப்பேன்னு நெனச்சேன்."

சவரிமுத்து பதறிப்போய், மறைத்து வைத்திருந்த லேயரைத் திறந்தார். பூமிநாதன் வந்தார். அந்தப் பொன்வெள்ளத்தின் நடுவே, தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையில், யார் வீட்டு விசேஷத்திலோ தெரியாமல் நுழைந்துவிட்டவர் போல நின்றார்.

"மாஸ்டர், ஆளு எடுபடல. இவருக்கு எந்த ஃபில்டர் போட்டா பின்னணியோட சேருவாரு?"

நஸீமா எழுந்து வந்தாள். மௌஸை வாங்கி, பின்னணி லேயர்களை ஒவ்வொன்றாக மறைத்தாள். ஒளி போனது. பூச்சு போனது. சுழல் போய், மேகமும் போனது. பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் மட்டும் மிஞ்சின.

பூமிநாதன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் நின்ற தன்னை வெகுநேரம் பார்த்தார்.

"சட்டைப் பையில பேனாகூடத் தெரியுது" என்றார். "இந்தக் கட்டம் நல்லாருக்கும்மா. இதையே போட்டுருங்க."

சவரிமுத்து பொறுமையாக விளக்கினார். "ஐயா, அது டிசைன் இல்ல. பின்னால எதுவுமே இல்லன்னு கம்ப்யூட்டர் காட்டுற அடையாளம். பிரிண்ட்ல வராது."

"வர வைக்க முடியாதுங்களா?"

சவரிமுத்து திரும்பி நஸீமாவைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லாததைக் கொண்டுவர எந்த ஃபில்டர் போடணும் மாஸ்டர்?"

நஸீமா தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

"காலையிலருந்து அதைத்தானேண்ணே போட்டுக்கிட்டு இருந்தீங்க."