நண்டு மாதிரியே ஒரு கவசம்

வாசிக்கிற எல்லாருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் சௌக்கியமா? என் இருமலுக்கு ஆளுக்கொரு கஷாயம் எழுதி அனுப்பினீர்களே, ரொம்ப நன்றி. கைம்மாறாக ஒரு கதை.

ஆற்றங்கரை நாடு ஒன்றை முன்பு ஒரு ராஜா ஆண்டு வந்தார். தை மாத விருந்துகள் முடிந்தபோது அவருக்குத் தொப்பை வைத்து, கவசம் கீழே இறங்காமல் வயிற்றோடு நின்றுவிட்டது. அதைச் செய்த குமரேச ஆசாரியை இழுத்து வரச் சொன்னார்.

சபையின் விகடகவி ஆண்டியப்பனைக் கண்டாலே தளபதி வீரசிங்கத்துக்கு வயிறு எரியும். இதுதான் சமயமென்று எழுந்தார்.

"நண்டோட ஓடு அதுகூடவே வளருது, மகாராசா. அப்படி ஒரு கவசம் செய்யத் தெரியாதவன் என்ன ஆசாரி? ஆண்டியப்பன்தான் பெரிய புத்திசாலியாச்சே, கூட இருந்து செய்ய வைக்கட்டும்."

"பதினஞ்சு நாள்ல நண்டு மாதிரியே கவசம் வரணும்," என்றார் ராஜா. "இல்லன்னா ஆசாரிக்குக் கட்டைவிரல் போகும். ஆண்டியப்பா, நீ நாட்ட விட்டே போகலாம்."

வெளியே வந்ததும் ஆசாரி அழுதார். "விரல் போனா சுத்தியல எப்படிப்பா பிடிப்பேன்?"

"பழைய அளவுக்கு மேல நாலு விரல்கடை கூட்டி ஒரு கவசம் அடிங்க மாமா. மிச்சத்த நண்டு பாத்துக்கும்."

பதினைந்தாம் நாள் ஆசாரி புதுக் கவசத்தோடு வந்தார். ஆண்டியப்பன் ஒரு பானையும் மண்வெட்டியுமாக வந்தான்.

"மண்வெட்டி எதுக்குடா?"

"குழி வெட்டத்தான், மகாராசா."

பானையிலிருந்து நண்டின் வெற்று ஓடு ஒன்றை எடுத்தான். கால், கொடுக்கு, கண்ணின் மேல்தோல்கூட அப்படியே இருந்தது. பிறகு அதைக் கழற்றிப் போட்ட நண்டை எடுத்தான். ராஜா தொட்டார். நனைந்த அப்பளம் போலக் குழைந்தது.

"நண்டுக்கு உள்ள எலும்பு கிடையாது, ஓடுதான் எலும்பு. அந்த ஓடு வளராதுங்க. உடம்பு பெருத்தா பழச விட்டுட்டு, மெத்துனு வளைக்குள்ள ஒளிஞ்சுக்கும். புதுசு இறுகுற வரைக்கும் இரை எடுக்காது. நண்டு மாதிரியேன்னு தங்கள் ஆணை. அதனால கவசம் மாத்துறவரும் துணியில்லாம, பட்டினியா, குழிக்குள்ள... தளபதி ஐயாதான் நண்டு விவரம் தெரிஞ்சவர். முதல்ல அவரே இறங்கிக் காட்டட்டும்."

"எனக்கு இடுப்புப் பிடிப்பு, மகாராசா," என்று தளபதி பின்வாங்கினார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "நண்டு பெருத்தா ஓட்டத்தான் மாத்துது. யார் விரலையும் கேக்கல."

புதுக் கவசம் அவருக்குச் சரியாகப் பொருந்தியது. விரலை இறுக்கிக்கொண்டிருந்த தன் மோதிரத்தை எண்ணெய் தடவிக் கழற்றி, ஆசாரியின் கட்டைவிரலில் போட்டார். தன் முத்துமாலையை ஆண்டியப்பன் கழுத்தில் போட்டு, "வேற என்ன வேணும்?" என்றார்.

"இந்த நண்ட ஆத்துல விட்டுடறோம். எங்க ரெண்டு பேரையும் காப்பாத்துனது அதுதானே."

கொக்கு கொத்திவிடாமல், ஓடு இறுகும்வரை இருவரும் கரையிலேயே காவல் இருந்தார்கள்.

உங்களுக்கும் ஏதாவது சின்ன ஜீவன் உதவியிருந்தால் எனக்கு எழுதுங்களேன்.