இன்னொரு ஊரின் நிழல்

பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற தாயுமானவன், திருச்சியில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வானியல் வகுப்பு எடுத்துவந்தார். இணையத்தில் பாடம் நடத்தும் வித்தையை அவருக்குச் சொல்லித்தந்தவர் பாளையங்கோட்டை ரெஜினா. வயதில் மிகவும் இளையவர்தான். ஆனாலும் தாயுமானவனுக்கு அவரே குரு.

மார்கழியில் ஒருநாள் காலை ரெஜினாவை வீடியோவில் அழைத்தார்.

"டீச்சர், கன்னியாகுமரி மரியசெல்வி வகுப்பை விட்டு நின்னுக்கறேன்னு எழுதியிருக்கு. நல்லாப் படிக்கிற பொண்ணு."

"ஏனாம்?"

"சுவத்தைப் பாத்துப் படிக்கிற மாதிரி இருக்காம். பிள்ளைங்க பேசிக்கட்டும்னு ஒரு குழு வச்சேன். ஈ காக்கா இல்லை. கெஞ்சினேன். மார்க் தர்றேன்னுகூட சொல்லிட்டேன். இவங்களை எப்படிப் பேச வைக்கிறது?"

"இந்த வாரம் என்ன கணக்கு குடுத்தீங்க?"

"பூமியோட சுற்றளவு. குச்சி நட்டு உச்சிவேளை நிழலை அளக்கணும். வடக்கேயோ தெக்கேயோ இருக்கிற இன்னொரு ஊர் நிழலோட ஒப்பிட்டு, ரெண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை வச்சுப் போட்டா விடை வந்துடும். சென்னை நிழலை நானே சிநேகிதர்கிட்ட வாங்கிப் போட்டிருக்கேன்."

ரெஜினா தான் அமைத்துக்கொடுத்த வகுப்புப் பக்கத்தைத் திறந்தார். சென்னை நிழல் இருந்த வரியை அழித்தார்.

தாயுமானவன் பதறிப்போனார். "அது இல்லாம எப்படிப் போடுவாங்க?"

"அதைத்தான் நானும் பாக்கணும் சார்."

மதியத்துக்குள் எல்லாரிடமிருந்தும் ஒரே கேள்வி வந்தது. 'சார், இன்னொரு ஊர் அளவைக் காணோமே?' பதில் எழுதியே பழகிய தாயுமானவனின் கை துறுதுறுத்தது. மறுபடி அழைத்தார்.

"எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க டீச்சர்."

"நான் தரமாட்டேன்னு எழுதுங்க."

எழுதினார். அந்தப் பெண் போயே விடுவாளோ என்று குழுவைத் திறந்து திறந்து பார்த்தார்.

சாயங்காலம் குழுவில் ஒரு வரி விழுந்தது. மரியசெல்வி எழுதியிருந்தாள்: 'வடக்கே யாராவது இருக்கீங்களா?'

'நான் கும்மிடிப்பூண்டி, ஹிதாயத். இங்க ஒரே மேகம். நாளைக்கு அளந்து சொல்றேன்.'

'குச்சி சாயாம நிக்கணும். நூல்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாத்துக்கோங்க.'

மறுநாள் அளவு வந்தது. கணக்குப் போட்டால் பூமி ஏகத்துக்கும் பெருத்திருந்தது. நிழலைத் தப்பாக அளந்தது யாரென்று இருவருக்கும் வாக்குவாதம். நடுவில் ஓசூரிலிருந்து இன்னொருத்தி புகுந்தாள். 'நிழல் சரிதான். நீங்க பஸ் போற தூரத்தைப் போட்டிருக்கீங்க. நேர் தெக்கு வடக்கா எவ்வளவுன்னு பாருங்க.'

அதன்பிறகு குழு ஓயவில்லை. நின்றுகொள்வதைப் பற்றி மரியசெல்வி பேச்சே எடுக்கவில்லை.

தாயுமானவன் ரெஜினாவை அழைத்தார். குரலில் சந்தோஷம் இருந்தது. கூடவே ஏதோ ஒரு தவிப்பும்.

"வாய் ஓயாம பேசறாங்க டீச்சர். ஆனா இப்போ என்னை யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை. அங்க எனக்கு இனி என்ன வேலை?"

ரெஜினா குழுவைத் திறந்து, வந்திருந்த அளவுகளைப் பார்த்தார்.

"திருச்சியில இன்னைக்கு வெயில் இருக்கா சார்?"

"நல்லா அடிக்குது."

"திருச்சி நிழலை இன்னும் யாரும் போடலையே."