திக்குவாய் மாசிலாமணியார் கட்டியம் சொன்ன கதை

திருவாகைக்குறிச்சியில் வாகைநாதர் கோயில் பிராகாரங்களைப் பெருக்கும் திருத்தொண்டைச் செய்துவந்தவர் மாசிலாமணியார். விடியலில் துடைப்பத்தைத் தொடுமுன் இறைவன் பெயரைச் சொல்வார். அந்த ஒரு பெயரைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நேரம் பிடிக்கும். பிறவியிலேயே திக்குவாய். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவரும் கூடச் சிரித்துவிட்டுப் பெருக்கத் தொடங்குவார்.

தமையனார் சிவனடி சேர்ந்த ஆண்டோடு அந்தச் சிரிப்பு போயிற்று. திருவிழாவில் இறைவன் பல்லக்கேறும்போது எதிரே நின்று அவன் பெருமைகளை உரக்க அறிவிக்கும் கட்டியம் அக்குடும்பத்தின் உரிமை. அது இப்போது இவர் தலையில் வந்து விழுந்தது. கோயில் மணியக்காரர் ஒளிவு மறைவின்றிச் சொன்னார்: "இந்த வருசம் நீர் சொல்லிப் பாரும். நடுவுல நின்னுட்டா உரிமையை வேற குடும்பத்துக்கு மாத்திருவேன். அப்புறம் என்னை நொந்துக்கக் கூடாது."

பாவம், அடியார் என்ன செய்தார் தெரியுமா? வாக்கு வேண்டி விரதம் தொடங்கினார். சோற்றைத் தள்ளினார், உறக்கத்தைத் தள்ளினார். உச்சிப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகும் வீடு போகாமல், சாத்திய கதவின்முன் நின்று தொண்டை கிழியக் கட்டியத்தைக் கத்திப் பழகினார். பக்தியில் குறையில்லை, யோசனையில்தான் கொஞ்சம் குறை. உடம்பு வாட வாட நாக்கு இன்னும் இறுகியது. கடைசியில் மனைவி வடிவம்மையாரின் பெயர்கூட வாயில் வரவில்லை.

ஒரு நண்பகலில் அங்கேயே மயங்கிச் சாய்ந்தார். கனவில், கதவுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"மாசிலாமணி, உச்சியில நானே கதவைச் சாத்திக்கிட்டுச் சித்த நேரம் கண்ணசர்றேன். உனக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா? வீட்டுக்குப் போ. சாப்பிடு, தூங்கு. என்னையும் தூங்க விடு."

விழித்தவர் அழுதுகொண்டே வீடு சேர்ந்தார். வடிவம்மையார் கஞ்சியை ஆற்றிக் கொடுத்து, "குடிச்சிட்டுப் படுங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அன்றுமுதல் வேளைக்கு உண்டார். நடை சாத்தினால் தாமும் படுத்தார். மாலையில் குளக்கரையில் அமர்ந்து, மூச்சைச் சீராக விட்டபடி ஒவ்வொரு சொல்லாக மெல்லச் சொல்லிப் பார்த்தார். தொண்டை இளகியது. திக்கல் குறைந்தது, அடியோடு போய்விடவில்லை.

திருவிழா வந்தது. பாதிக் கட்டியத்தை அடியார் அழகாகவே சொல்லிவிட்டார். பிறகு ஒரு சொல் சிக்கிக்கொண்டது. கூட்டம் சிரித்தது. மணியக்காரர் கைகாட்ட, தயாராக நின்ற வேறொருவர் மீதியை மடமடவென்று சொல்லி முடித்தார். சுமப்பவர்கள் பல்லக்குக்குத் தோள் கொடுத்தார்கள். அது அசையவில்லை. இன்னும் பல ஆட்கள் சேர்ந்து தூக்கினார்கள். அப்போதும் அசையவில்லை.

"சாமி யாருக்கோ காத்திருக்கு" என்றார் முன்தண்டைப் பிடித்திருந்தவர்.

சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று. மாசிலாமணியார் அவசரப்படவில்லை. கண்ணை மூடினார், மூச்சை இழுத்து விட்டார், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். திக்கியது, நின்றார், மறுபடி சொன்னார். இறுதிச் சொல் அவர் வாயைவிட்டு வந்ததும் பல்லக்கு எளிதாக எழுந்தது. மணியக்காரர் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடியார் காலில் விழுந்தார்.

தடையில்லாமல் சொல்ல ஆயிரம் பேர் இருக்க, திக்கித் திக்கி அழைத்தவருக்காக பல்லக்கில் காத்திருந்தான் இறைவன். அந்த மாசிலாமணியாரின் மலரடி நம் தலைமேல் இருக்கட்டும்.