ஒன்பது வரிக் கல்லும் எண்ணூறு ஓலையும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரக்கூடிய ஒரு தேசத்தில், கொலுமண்டபத்தில் ஒருநாள் கூடியிருந்தவர்கள்: அரசர். அமைச்சர் விழுப்பரையர். விகடம் பேசிப் பிழைக்கும் சாத்தன். விடிந்ததிலிருந்து ஓலை வாசித்துத் தொண்டை கட்டிப்போன கணக்கர். வடகரை நாட்டிலிருந்து நடந்தே வந்த உலகாத்தாள். இவர்களோடு ஒரு கல்.

கல்தான் தேசம் முழுமைக்கும் மூலச் சட்டம். ஒன்பதே வரி. அரசரின் பாட்டனார் வெட்டியது. பிறகு அதன்மேல் உளி பட்டது ஒரே முறை. தேசத்துக்குள் அடங்கிய ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் ஓலையில் உண்டு. வடகரைக்கு எண்ணூற்று நாற்பது ஓலை. ஆடிதோறும் நாட்டார் கூடி ஒன்றை நீக்குவார்கள், மூன்றைச் சேர்ப்பார்கள். கல்லுக்கு முரணாக எழுதக்கூடாது. மற்றபடி எதையும் எழுதலாம். எழுதினார்கள்.

உலகாத்தாளின் நிலம் ஏரியின் கடைமடையில். மேல்மடைக்காரர் தண்ணீரை அடைத்துவிட்டார். எட்டு நாளில் பாயாவிட்டால் பயிர் வைக்கோல். அவளுக்குரிய ஓலையைத் தேடித்தான் வாசிப்பு நடந்தது.

“ஆட்டுப்பட்டி கிணற்றுக்குப் பதினெட்டு முழம் தள்ளி இருக்கவேண்டும். கிடாவாக இருப்பின் இருபது...”

“நிறுத்தும்!” என்றார் அரசர். “என் பாட்டனார் ஒன்பது வரியில் ஒரு தேசத்தை ஆண்டார். இவர்களுக்கு ஒரு கிடாவை ஆள எண்ணூறு ஓலையா?”

“என் ஓலை இன்னும் வரலீங்களே, சாமி” என்றாள் உலகாத்தாள்.

விழுப்பரையர் முந்திக்கொண்டார். “அரசே, வடகரைச் சட்டமும் கல்லின் அளவே இருக்கட்டும். சாத்தன் சுருக்கட்டும். பொழுது சாய்வதற்குள் முடிக்காவிட்டால் சிறை.”

“அப்படியே. மீதி ஓலை இனி என் கண்ணில் படக்கூடாது.”

சாத்தன் வாதாடவில்லை. கல்லின் ஒன்பது வரியை எழுத்துப் பிசகாமல் ஓர் ஓலையில் எழுதி, ‘வடகரைச் சட்டம்’ என்று தலைப்பிட்டு நீட்டினான். அமைச்சர் மூன்று முறை படித்தார். குறை கிடைக்கவில்லை.

வெளியே வந்த சாத்தன் உலகாத்தாளிடம், “ஊருக்குச் சொல்லி அனுப்பும்மா. வழக்கு வைத்திருப்பவர்கள் எல்லாரும் புறப்பட்டு வரட்டும்” என்றான்.

நான்காம் நாள் வடகரையே வந்து இறங்கியது. வேலி தாண்டிய புளியங்கிளை. மூன்று பேர் உரிமை கொண்டாடிய ஒரு கன்று. நேரில் காட்டவென்று கூட்டிவரப்பட்ட கிடா. அது மண்டபத்துத் தூணை முட்டியது.

“விரட்டுங்கள் இவர்களை!” என்றார் அரசர்.

“முடியாது அரசே” என்றான் சாத்தன். “கல்லின் ஏழாம் வரி: வழக்கென்று வந்தவரைக் கேளாமல் அனுப்பலாகாது.”

“இத்தனை ஆண்டுகள் ஏன் வரவில்லை?”

“ஓலை இருந்தது. ஊரிலேயே பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள்.”

மூன்று நாள் அரசர் வழக்குக் கேட்டார். சோறு ஆறியது. தூக்கம் போனது. குரலும் போனது. ஏழாம் நாள், முண்டியடித்தவர்கள் பின்னுக்குத் தள்ளிவிட்ட உலகாத்தாளின் சத்தம் வரிசையின் கடைசியிலிருந்து வந்தது.

“மேல நிக்கிறவங்க முடிச்சாத்தான் எனக்காம். மடையிலயும் இதே கதைதான் சாமி! நாளைக்குள்ள பாயலேன்னா பயிரு மாட்டுக்குத்தான்.”

அரசர் கல்லைப் பார்த்தார். நான்காம் வரி: தண்ணீர் எல்லாருக்கும் பொது.

“பொதுன்னுதான் அவரும் சொல்றாரு. சொல்லிக்கிட்டே அடைக்கிறாரு.”

“யார் அந்த மேல்மடைக்காரர்?”

“இந்த அமைச்சரய்யாவோட மச்சான்தாங்க.”

கிடா மறுபடியும் தூணை முட்டியது. விழுப்பரையர் கல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் பத்தாவது வரி முளைக்கும் என்பதுபோல.

“சாத்தா, அந்த ஓலைகளை எரித்துத் தொலைத்தாயா?”

“கண்ணில் படக்கூடாது என்றீர்கள். எரித்தால் புகை படும். அதனால் சிம்மாசனத்துக்குப் பின்னால் அடுக்கிவைத்தேன். ஏழு நாளாக அதில்தான் சாய்ந்திருக்கிறீர்கள்.”

அரசர் திரும்பிப் பார்த்தார். முதலில் பல்லைக் கடித்தார். பிறகு, குரல் கம்மிய தொண்டையால், தோள் குலுங்கச் சிரித்தார்.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் ஓலை கிடைத்தது: வறட்சியில் முதல் நீர் கடைமடைக்கு.

“இது கல்லுக்கு முரண் இல்லையா?” என்றார் அமைச்சர், ஈனசுரத்தில்.

“பொது என்று கல் சொல்கிறது” என்றான் சாத்தன். “எப்படிப் பொது என்று ஓலை சொல்கிறது.”

அந்த நாழிகையே மடையைத் திறக்கக் குதிரைகள் ஓடின. உலகாத்தாளையும் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அரசர் தம் கைக் காப்பைக் கழற்றிச் சாத்தனுக்கு மாட்டிவிட்டு, “இன்னும் என்ன வேண்டும்?” என்றார்.

“ஏட்டறைச் சாவி.”

எண்ணூற்று நாற்பது ஓலைகளும் ஏட்டறைக்குப் போயின. மீதமிருந்த நாற்பது வழக்காளிகளும் போனார்கள். ஓலை பார்த்துத் தீர்ப்புச் சொல்ல, அரசர் ஆணையால், விழுப்பரையரும் போனார்.

“கிடாவுமா?” என்றார் வாசலில் நின்று.

“இருபது முழம் தள்ளி உட்காருங்கள்” என்று சாத்தன் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினான்.