கொதிக்கிற இடத்து உப்பு

கரூரில் ஒரு வீட்டுச் சமையலறையில், மிக்சிக்குப் பக்கத்தில், ஒரு காபி மெஷின் இருந்தது. அண்ணனும் தம்பியும் கூட்டாக ஜன்னல் திரைகள் தைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிற வீடு அது. சரக்கு வாங்க வரும் வியாபாரி ஒருவர் தீபாவளிக்கு அந்த மெஷினைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மெஷினின் முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குடுவை உட்கார்ந்திருந்தது. வடிகிற டிகாஷன் அதில்தான் விழும். மெஷினின் அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல், ஒரு குழாய் வளைந்து கிடந்தது. பின்னால் ஊற்றுகிற தண்ணீர் அதற்குள் புகுந்து, சூடேறி, கொதித்து, மேலே ஏறிக் காபித் தூளின் மேல் சொட்டும். குழாய்க்கு எப்போதும் இருட்டு. குடுவைக்கு எப்போதும் வெளிச்சம்.

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் சாந்தாமணி, இளையவள் தாரணி. தூளை அளந்து போட்டு, பாலைக் காய்ச்சி, எல்லாவற்றையும் தயார் செய்வது சாந்தாமணி. குடுவையைத் தட்டில் வைத்துக் கூடத்துக்கு எடுத்துப் போய், வந்தவர்கள் முன்னால் பாலோடு கலந்து கொடுப்பது தாரணி. இந்த வேலை உனக்கு, இது எனக்கு என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. தாரணிக்கு நாலு பேரிடம் சிரித்துப் பேச வரும். சாந்தாமணிக்கு அடுப்படி பழகிவிட்டது. அப்படியே அமைந்துபோனது.

கூடத்தில் யாராவது ஒரு வாய் குடித்துவிட்டு, காபி ரொம்ப நல்லாருக்குதும்மா என்பார்கள். தாரணி சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். அந்தப் பேச்சு சுவர் தாண்டி அடுப்படிக்கு வரும். சாந்தாமணி பால் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கீழே வைப்பாள்.

சாயந்தரம் குடுவையைக் கழுவுவதும் அவள்தான். ஆப்பச் சோடாவைப் போட்டுக் குலுக்கி, காபிக் கறை போகத் தேய்த்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பளிச்சென்று ஆனபிறகுதான் திரும்ப மெஷினில் வைப்பாள்.

குழாய் இதையெல்லாம் காதால் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்றைக்கு என்ன சொன்னார்கள்?" என்று ஒருநாள் கேட்டது.

"நிறம் அழகாக இருக்கிறது என்றார்கள். ஒரு சின்னப் பெண் என்னைத் தொட்டுப் பார்த்தாள்" என்றது குடுவை.

"என்னைப் பற்றி?"

குடுவை யோசித்தது. "உன்னை யாருக்கும் தெரியாதே" என்றது. பொய் சொல்ல அதற்கு வரவில்லை.

"தண்ணீரைக் கொதிக்க வைப்பது நான். மேலே தூக்கிக் கொடுப்பது நான். கீழே விழுவதைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தவிர நீ என்ன செய்கிறாய்? உன்னைத் தினமும் குளிப்பாட்டுகிறார்கள். நான் வந்த நாளிலிருந்து ஒரு கை என்னைத் தொட்டதில்லை."

குடுவை பதில் பேசாமல் இருந்ததைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டது குழாய்.

இந்தச் சமயத்தில்தான் உப்பு வந்தது.

அந்த வீட்டில் குடிக்கக் காவிரித் தண்ணீர் குடத்தில் பிடித்து வைத்திருப்பார்கள். கொதித்துத்தானே வரப்போகிறது என்று மெஷினுக்குச் சாந்தாமணி போர்த் தண்ணீரையே ஊற்றினாள். அந்தத் தண்ணீரோடு உப்பு உள்ளே வந்து, குழாயின் சுவரில் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டது.

"யார் நீ?" என்றது குழாய்.

"வழிப்போக்கன். தண்ணீரோடு போயிருக்க வேண்டியவன். ஆனால் நீ இங்கே கொதித்துக்கொண்டிருக்கிறாய். கொதிக்கிற இடத்தைப் பார்த்தால் நான் உட்கார்ந்துவிடுவேன்."

"எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போகிறார்கள். நீ மட்டும் ஏன் தங்குகிறாய்?"

"உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்றது உப்பு. "நான் எங்கேயும் போகமாட்டேன்."

இவ்வளவு அன்பாக யாரும் குழாயிடம் பேசியதில்லை. அது நகர்ந்து இடம் கொடுத்தது.

அடுத்தடுத்த நாட்களில் உப்பு வளர்ந்தது. குடுவையை யாராவது புகழ்ந்தால், "கேட்டாயா?" என்று உப்பு கிசுகிசுக்கும். குழாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சூட்டில் உப்பு இன்னொரு படலமாக விரியும். கோடை வந்ததும் போர்த் தண்ணீர் இன்னும் கரித்தது. குழாயின் வழி பாதியாகக் குறுகியது. தண்ணீர் திணறித் திணறி ஏறியது. சரியாகக் கொதிக்காமலே தூளின் மேல் விழுந்தது. குடுவையில் வெளுத்த டிகாஷன் தேங்கியது.

கூடத்தில் இப்போது யாரும் காபியைப் பற்றிப் பேசவில்லை. டம்ளர்கள் பாதியோடு திரும்பி வந்தன.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று குடுவை கவலையோடு கேட்டது.

"எனக்கு ஒன்றும் இல்லை. உன் அழகைக் காட்டி ஊற்று, குடிப்பார்கள்" என்றது குழாய். அன்று அது நன்றாகத் தூங்கியது.

பாதியோடு திரும்பிய டம்ளர்களைக் கழுவும்போது சாந்தாமணியின் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. காபி ஏன் இப்படி ஆகிறதென்று அவளுக்குத் தெரியாது. தூளை மாற்றிப் பார்த்திருக்கலாம், மெஷினைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம். அவள் எதுவும் செய்யவில்லை. தட்டை நீட்டுகிற தாரணியின் சிரிப்பு நாளுக்கு நாள் சுருங்குவதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து தாரணியின் அப்பா வந்தார். மகளைக் கட்டிக் கொடுத்தபிறகு அவர் அந்த வீட்டுக்கு வருவது அபூர்வம். தாரணி வழக்கத்தைவிட உற்சாகமாகக் குடுவையை எடுத்துப் போனாள். அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். திரும்ப எடுக்கவே இல்லை. கிளம்பும்போது வாசலில் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வீட்டில் உன்னை நன்றாக வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

தாரணி நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"எங்கப்பா வர்றாருன்னு தெரிஞ்சேதான இப்படிப் போட்டுக் குடுத்தீங்க?"

சாந்தாமணி தான் ஒன்றும் செய்யவில்லை என்றாள். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அந்த இறக்கத்தைத் தாரணி பிடித்துக்கொண்டாள். பேச்சு காபியை விட்டு எங்கெங்கோ போனது. யார் முதலில் எழுகிறார்கள், யாருக்குப் பட்டு எடுத்தார்கள், யார் வந்தபிறகு வீடு இப்படி ஆனது என்று வளர்ந்தது. அண்ணன் சென்னியப்பனும் தம்பி நவநீதனும் சமாதானம் செய்ய வந்து, ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

அந்த வாரமே மாடி அறையில் ஒரு கேஸ் அடுப்பு வந்து இறங்கியது. தாரணி மேலே சமைத்தாள். அண்ணனும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. தையல் பட்டறையையும் பிரித்துவிடலாமா என்று நவநீதன் யாரிடமோ கேட்டதாகச் சென்னியப்பன் காதுக்கு வந்தது.

மெஷின் யாருக்கும் வேண்டாததானது. பழைய சாமான்காரரிடம் போடலாம் என்று சாந்தாமணி அதைத் தூக்கிக் கொல்லைப்பக்கத் துவைகல்லின் மேல் வைத்தாள். குடுவையும் அதோடு போனது. மெஷின் இல்லாத குடுவையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெயில் சுள்ளென்று அடித்தது. குழாய் நினைத்தது நடந்துவிட்டது. இனி குடுவையை யாரும் புகழப்போவதில்லை. ஆனால் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

"என்மேல் உனக்குக் கோபமா?" என்று கேட்டது.

"இல்லை. களைப்பாக இருக்கிறது" என்றது குடுவை. "நீ என்னைப் பார்த்ததே இல்லையே. பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருக்க மாட்டாய்."

"ஏன்?"

"என் உடம்பு முழுக்கக் கீறல். அந்த அம்மா என்னைத் தேய்ப்பது பிரியத்தாலே என்று நினைத்தாயா? கூடத்தில் என்னைப் புகழ்ந்த நாளெல்லாம் கம்பிநாரை எடுத்துவிடுவாள். எவ்வளவு புகழ்ச்சியோ அவ்வளவு அழுத்தித் தேய்ப்பாள். ஒரு கைகூட உள்ளே வராத உன் இருட்டை நினைத்து நான் ஏங்கியிருக்கிறேன்."

தன்னைத் தொடாத அந்தக் கையை நினைத்துத்தான் குழாய் இத்தனை நாள் வெந்தது.

"குடுவை சொல்வதை நம்பாதே" என்று உப்பு உள்ளே இறுகியது. குழாய்க்கு மூச்சு முட்டியது.

பழைய சாமான்காரரின் வண்டிச் சத்தம் தெருவில் கேட்டது. எதையும் அழுக்கோடு கொடுக்கிற பழக்கம் சாந்தாமணிக்கு இல்லை. ஒரு தடவை அலசிவிடலாம் என்று மெஷினைக் கவிழ்த்தாள். துவைகல்லின் மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் உதிர்ந்தன. அவள் குனிந்து, தண்ணீர் ஊற்றுகிற துளைக்குள் பார்த்தாள். முட்டை ஓடு போல ஒரு வெள்ளை, வாய்வரை படிந்திருந்தது.

வண்டி வாசலில் நின்று கூப்பிட்டது. அவள் போகவில்லை. அப்படியே துவைகல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

தினமும் குடுவையைத்தான் கழுவியிருக்கிறாள். பார்ப்பவர் கண்ணுக்குப் படுகிறது என்று அதை மட்டும் கழுவியிருக்கிறாள். உள்ளே இருந்து வேலை செய்கிற ஒன்றை யாரும் நினைப்பதில்லை என்று இத்தனை வருஷம் மனதுக்குள் புழுங்கினவள் அவள். அவளும் நினைக்கவில்லை.

மாடிப்படியின் கீழே போய் நின்று தாரணியைக் கூப்பிட்டாள். சண்டைக்குப் பிறகு முதல் தடவை. தாரணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். சாந்தாமணி ஒரு செதிலை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

தாரணி அதை விரலால் நசுக்கிப் பார்த்தாள். துளைக்குள்ளும் பார்த்தாள். அப்புறம் மேலே போய் ஒரு வினிகர் பாட்டிலோடு திரும்பினாள். ஹாஸ்டலில் இருந்தபோது வெந்நீர் கெட்டிலில் இப்படித்தான் உப்புப் பிடிக்கும், வினிகர் ஊற்றினால் விட்டுவிடும் என்று சொன்னாள்.

மெஷினை அடுப்படிக்குத் தூக்கி வந்து, ஒரு பங்கு வினிகரும் இரண்டு பங்கு தண்ணீரும் கலந்து ஊற்றிப் போட்டார்கள். பாதி ஏறியதும் நிறுத்தினார்கள். புளிப்பு உள்ளேயே கொஞ்ச நேரம் ஊற வேண்டும் என்றாள் தாரணி. இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தார்கள்.

உள்ளே குழாய் எரிச்சலில் துடித்தது. உப்பு அலறியது.

"என்னை விட்டுவிடாதே. உன்னோடு தங்கினவன் நான் ஒருவன்தான். நான் போனால் உனக்கு யார்?"

"நான் உனக்கு மட்டும்தான் வேண்டும் என்று வழியை அடைத்துவிட்டாயே" என்றது குழாய். "நான் தண்ணீர் போவதற்காக இருப்பவன்."

பிடியை விடுவது அதற்குச் சுலபமாக இல்லை. எது தன் சுவர், எது உப்பு என்று அதற்கே தெரியாமல் போயிருந்தது. புளிப்பு நுரைத்து நுரைத்து ஒவ்வொரு படலமாகப் பிரித்தது.

வெளியே சாந்தாமணி மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் கெடுக்கல தாரணி. ஆனா கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. உங்கப்பா டம்ளரக் கீழ வெச்சாரு பாரு, அப்பவுந்தான்."

"தெரியுங்கக்கா" என்றாள் தாரணி. "உங்க மொகத்துல பாத்தேன். அதனாலதான் அவ்வளவு கத்துனேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. மிச்ச வினிகரையும் ஓட விட்டார்கள். குடுவையில் கலங்கல் தண்ணீரும் வெள்ளைத் துகள்களும் விழுந்தன. அதைக் கொட்டிவிட்டு, புளிப்பு வாடை போகும்வரை நல்ல தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட விட்டார்கள். கடைசியில் தண்ணீர் தடங்கல் இல்லாமல் ஏறி, ஆவி பறக்க விழுந்தது. குழாய் தன் பழைய மூச்சைத் திரும்ப விட்டது. இனி மெஷினுக்கும் காவிரித் தண்ணீரே ஊற்றுவது, மாதம் ஒரு தடவை வினிகர் ஓட விடுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். குடுவைக்கு மெத்தென்ற ஸ்பான்ஜ் வந்தது.

மாடி அடுப்பு உடனே கீழே இறங்கிவிடவில்லை. ஆனால் காலையில் காபிக்குத் தாரணி கீழே வந்தாள். நவநீதனும் பின்னாலேயே வந்தான். பட்டறையைப் பிரிக்கிற பேச்சு தானாகவே ஓய்ந்தது.

கொஞ்ச நாளில் மெஷினைக் கொடுத்த அதே வியாபாரி தன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். அன்று தூள் போட்டதும் பால் காய்ச்சியதும் தாரணி. நீங்க எடுத்துட்டுப் போங்கக்கா என்று அவளே தட்டைச் சாந்தாமணி கையில் கொடுத்தாள். சாந்தாமணி கூடத்தில் போய் ஊற்றிக் கலந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். வியாபாரியின் மனைவி குடித்துவிட்டு, இப்படி ஒரு காபி குடித்து எத்தனை நாளாச்சு, உங்க கைப்பக்குவமே தனிங்க என்றார்.

எத்தனையோ வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட வார்த்தை. இப்போது அவளைப் பார்த்தே சொல்லப்பட்டது. உள்ளங்கால் வரைக்கும் இனித்தது. அந்த இனிப்போடு தற்செயலாக அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

நிலைப்படியில் தாரணி நின்றிருந்தாள். கையில் பிடித்துணி. உதடு மட்டும் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு உள்ளே இருந்த புழுக்கத்தைச் சாந்தாமணிக்கு நன்றாகத் தெரியும்.

"காபி போட்டது நானில்லீங்க, அவ" என்றாள். எழுந்து, தன் பக்கத்து நாற்காலியிலிருந்த துணி மூட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். "தாரணி, இங்க வந்து உக்காரு."

தாரணி உடனே வரவில்லை. ஈரமே இல்லாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.