பசிமண்ணும் கசிமண்ணும்

காட்டுக் குட்டை வற்றிவிட்டது. அடியில் கிடந்த சேறும் காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருந்தது. அதைச் சுற்றி நின்ற புள்ளிமான்கள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டன.

"நாளை வெயில் ஏறுவதற்குள் புறப்படுகிறோம். மலைக்கு அப்பால் பெரிய ஆறு இருக்கிறது. வழியில் எங்கும் நிற்க முடியாது. நடக்க முடிந்தவர்கள் வாருங்கள்!" என்றது தலைவன் நெடுங்கொம்பன்.

வெட்சி என்ற பெண்மானுக்கு நெஞ்சு திக்கென்றது. அதன் குட்டி மொட்டுவின் காலில் முள் ஏறியிருந்தது. மலை ஏறுவது இருக்கட்டும், நாலு புதர் தாண்டுவதே குட்டிக்குப் பெரும்பாடு.

"தலைவரே, என் குட்டி?"

நெடுங்கொம்பன் வேறு பக்கம் பார்த்தது. வெட்சிக்குப் பதில் புரிந்துவிட்டது.

மொட்டுவை நிழலில் படுக்கவைத்துவிட்டு, ஈரமான இலை ஏதாவது கிடைக்காதா என்று வெட்சி அலைந்தது. அப்போது புதரை விலக்கிக்கொண்டு கிளறி என்ற காட்டுப்பன்றி வந்தது. அதன் மூக்கில் சேறு! காயாத சேறு!

"கிளறி! தண்ணீர் எங்கே?"

"அதை ஏன் கேட்கிறாய், மானம்மா! மேட்டோரம் கொஞ்சம் கசிமண் மணத்தது. தோண்டினேன். என் பிள்ளைகள் நக்கியே தீர்த்துவிட்டார்கள்."

"கசிமண்ணா? அது என்ன?"

கிளறி கண்ணைச் சிமிட்டியது. "அடியில் தண்ணீர் கசிகிற மண்! அதுகூடத் தெரியாதா? சரி, பசிமண் தெரியுமா? அடிவரைக்கும் காய்ந்து போனது. வேர்மண்? கிழங்குமண்?"

"எனக்கு மண் தெரியும்" என்றது வெட்சி.

"மண் தெரியுமாம்!" கிளறி வயிறு குலுங்கச் சிரித்தது. "உங்கள் பேச்சில் வாசத்துக்கு எத்தனை பெயர், தாயே?"

"இரண்டு. ஓடும் வாசம், மேயும் வாசம். சிறுத்தையும் நெருப்பும் ஓடும் வாசம். புல்லும் பழமும் மேயும் வாசம்."

"இரண்டிலும் சேராதது?"

"அதெல்லாம் எங்கள் மூக்குக்கு வராது."

"வராமல் எங்கே போகும்? வரும். நீங்கள்தான் நிற்க மாட்டீர்கள்!"

வெட்சிக்குச் சுருக்கென்றது. மான்குட்டி எழுந்து நின்றதும் அதற்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்: 'பெயர் இல்லாததற்கு நில்லாதே!' நின்ற மான் இரையாகும் என்பது மான்களின் கணக்கு.

"கிளறி, அந்த வாசத்தை எனக்குக் காட்டு."

"அப்படியானால் தலையைக் குனி. இன்னும் குனி! மூக்கை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு மண்ணை முகர்வார்களா?"

கிளறி ஓரிடத்தில் மண்ணைப் புரட்டியது. "இது பசிமண்." நக்கித் தீர்த்த பள்ளத்துக்குக் கூட்டிப்போய் அதன் ஓரத்தைப் புரட்டியது. "இது கசிமண்."

வெட்சிக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மறுபடி முகர்ந்தது. தும்மியது. மறுபடியும் முகர்ந்தது. இங்கும் அங்குமாக நடந்து நடந்து கழுத்து வலித்தது.

"விட்டுவிடு, மானம்மா. உன் மூக்கு பூ மோந்த மூக்கு!"

வெட்சி விடவில்லை. இன்னொரு முறை குனிந்தபோது ஏதோ ஒன்று தனியாகப் பிரிந்து வந்தது. பாசி படிந்த கல்லை நக்கியதுபோல ஒரு குளிர்ச்சி. "இதுவா? இதுதானா கசிமண்?"

"அதேதான்!"

வெட்சி திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தியது. "எனக்கு இந்த வாசம் தெரியுமே! காட்டாற்று வளைவில், மருதமரத்தடியில்! ஒவ்வொரு கோடையிலும் அந்த வழியாகத்தான் போகிறோம். ஒவ்வொரு கோடையிலும் இது வந்து மூக்கில் முட்டியது. நாங்கள் ஒருமுறைகூட நிற்கவில்லை!"

கிளறியின் சிரிப்பு மறைந்தது. "மருதமரமா? அது சிறுத்தையின் இடம். என் தங்கையை அங்கேதான் பறிகொடுத்தேன். குனிந்து தோண்டும்போது எங்களுக்கு உலகமே தெரியாது."

"நீ தோண்டு. நான் காது கொடுத்துக் காவல் நிற்கிறேன்."

"சிறுத்தை சத்தமே போடாது! அமைதியாக வரும்."

"எந்த அமைதி? நண்பகல் அமைதியா? மழைக்கு முன் வருகிற அமைதியா? சிள்வண்டு பாதிப் பாட்டை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்குமே, விழுங்கமைதி, அதுவா?"

"அமைதி என்றால் அமைதிதான். அதில் என்ன இத்தனை?"

"அமைதி தெரியுமாம்!" என்றது வெட்சி. இந்த முறை சிரித்தது அது.

கூட்டத்துக்குத் திரும்பிய வெட்சி, மருதமரத்தடியில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு மான்கள் கனைத்துச் சிரித்தன. "பன்றியோடு சேர்ந்த கன்று என்ன ஆகும் என்று தெரியுமல்லவா?" என்றது நெடுங்கொம்பன். "நாளை நாங்கள் புறப்படும்வரை உனக்கு நேரம். அதற்குமேல் உன் குட்டிக்காகக் கூட்டம் காத்திருக்காது."

பொழுது விடிந்ததும் இருவரும் காட்டாற்று வளைவுக்குப் போனார்கள். மருதமரத்தடியில் கிளறி மூக்கால் முட்டித் தோண்டியது. மணல் பறந்தது. கூழாங்கல் பறந்தது. ஈரம் மட்டும் வரவில்லை.

"பசிமண்! இதுவும் பசிமண்! மானம்மா, நன்றாகத்தான் மோந்தாயா?"

தூரத்தில் மான்கள் புறப்படத் திரளும் குளம்போசை வெட்சிக்குக் கேட்டது. ஆனாலும் அது குனிந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தது. "நாம் தள்ளி நிற்கிறோம், கிளறி. அந்த வளைந்த வேருக்கு அடியில் பார்!"

கிளறி அங்கே பாய்ந்தது. பள்ளம் ஆழமானது. கிளறியின் வால் மட்டும் வெளியே தெரிந்தது. "கருக்கிறது! மண் கருக்கிறது!"

அப்போது சிள்வண்டுகள் பாட்டைப் பாதியில் விழுங்கின.

"கிளறி, வெளியே வா!"

"இன்னும் ஒரே முட்டு..."

"விழுங்கமைதி! வா!"

அந்தக் குரலில் இருந்த பதற்றம் கிளறியைத் தூக்கி வெளியே போட்டது. மறுகணமே மருதமரத்திலிருந்து மஞ்சளாக ஏதோ இறங்கி, வெறும் பள்ளத்தில் தொப்பென்று விழுந்தது. சிறுத்தை!

வெட்சி காடே அதிரக் கூவியது. குரங்குகள் கிளைகளை உலுக்கிக் கத்தின. மயில்கள் அகவின. எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்ட சிறுத்தைக்கு வெட்கமாகப் போயிற்று.

"காலங்கார்த்தாலே என்ன கூச்சல்!" என்று முணுமுணுத்துக்கொண்டு அது பள்ளத்திலிருந்து ஏறிப் போனது. போகும்போது ஒவ்வொரு காலாக உதறியது.

"கிளறி! அதன் காலைப் பார்த்தாயா?"

"நனைந்திருக்கிறது!"

இருவரும் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். சிறுத்தை விழுந்த வேகத்தில் அடிமண் உடைந்திருந்தது. அங்கிருந்து தண்ணீர் மெல்ல மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

வெட்சி தண்ணீரில் வாயை நனைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கூட்டத்தை மறித்தது. மான்கள் நம்பவில்லை. ஆனால் அதன் வாயிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்ததும் பின்னால் வந்தன. மொட்டுவும் தாயின் மேல் சாய்ந்து சாய்ந்து வந்து சேர்ந்தது. வளைவு அவ்வளவு பக்கம்தான்.

முதலில் மொட்டுதான் குடித்தது. அதன் வயிறு புடைக்கும்வரை வெட்சி யாரையும் விடவில்லை. அதற்குப் பிறகு பன்றிக்குட்டிகளும் மான்களும் முறை வைத்துக் குடித்தன. சிறுத்தை திரும்பி வராதபடி எப்போதும் ஒரு மான் காவல் நின்றது.

நெடுங்கொம்பன் தாடையைத் துடைத்துக்கொண்டு, "இது ஒருவகை மேயும் வாசம்தான். எனக்கு அப்போதே தோன்றியது" என்றது.

கிளறி ஒரு மாதிரியாக உறுமியது.

"கசிமண் என்று சொல்லுங்கள், தலைவரே" என்றது வெட்சி. "சொல்லிப் பழகினால்தான் அடுத்த கோடையில் கால் நிற்கும்."

நெடுங்கொம்பன் கழுத்தை வளைத்து, வேருக்கு அடியில் மூக்கை வைத்தது. கொம்பு மணலில் இடித்தது. வெகுநேரம் முகர்ந்தது. "க... கசிமண்" என்றது.

நம் பேச்சில் பெயர் இல்லை என்பதற்காக ஒன்று உலகில் இல்லாமல் போய்விடாது. அயலாரின் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால், அதுவரை நின்று பாராமல் கடந்துபோன ஒன்று நமக்குப் புலப்படும்.